கீறலியல்: யாழ்ப்பாணக் கார்களின் மேனியில் விழும் கோடுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத்தை ஆராய்ந்தவர்கள் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிணறு, வேலி, புகையிலை, சீதனம், பனங்கட்டி எல்லாவற்றுக்கும் கட்டுரை உண்டு. கட்டுரைக்கு மறுப்பு உண்டு, மறுப்புக்கு மறுப்பும் உண்டு. ஆனால் ஒழுங்கைக்குள் நிற்கும் காரின் இடப்பக்கக் கதவில், கைபிடிக்குச் சற்றுக் கீழே, ஒருநாள் காலையில் திடீரென்று தோன்றுகிற கோட்டைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதியவர் இல்லை. ஆய்வுக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று பரமேஸ்வராச் சந்தியில் பிளேன்ரீ குடித்தபடி கவலைப்படும் பட்டதாரிகள் இருக்கிற ஊரில் இது பெருங்குறை. முதலில் அந்தக் குறையை நீக்குவோம். கீறலை நீக்குவது அதற்குப் பிறகு.

பொருளின் இலக்கணம் இது. இன்றைய காரின் மேனி ஒற்றைப் பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்க மின்முறையில் படியவைத்த அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்தால் ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரோன் இருக்கும். தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கே அது காணாது. நிறம் அதிலும் மெல்லியது, பெரும்பாலும் 15 மைக்ரோன் அளவு. "வெள்ளைக் கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை" என்று தரகர் சொல்லும்போது மயிரிழையில் ஐந்திலொரு பங்கை நம்பித்தான் சொல்கிறார்.

கீறல் கண்ணுக்குப் படுவது ஒளியின் வேலை. வழுவழுப்பான பரப்பில் பட்ட ஒளி ஒழுங்காகத் திரும்புகிறது. பள்ளத்தின் கரைகளில் பட்டது நாலாபக்கமும் சிதறுகிறது. அதனால்தான் கறுப்புக் காரில் விழுந்த கீறலும் வெள்ளையாகத் தெரிகிறது. இரவில் தெருவிளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போலக் கிடக்கும் வட்டங்கள் இன்னும் சுவையானவை. அவை வட்டக் கீறல்களே அல்ல. எல்லாத் திசையிலும் கிடக்கும் நுண்கீறல்களில் விளக்குக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னி அப்படித் தோன்றுகின்றன. அது வெறும் தோற்றந்தானே என்று கார்க்காரரை ஆறுதற்படுத்த முடியாது. சைவ சித்தாந்தத்தில் மாயையும் உள்பொருளே.

ஆழம் அறியும் கருவி நகம். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுக்க வேண்டும். தடக்காவிட்டால் சேதம் கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. தடக்கினால் உள்ளே போய்விட்டது. உலகமெங்கும் கையாளும் சோதனைதான். இங்கே ஒரு விதி கூடுதல்: நகம் கார்க்காரருடையதாக இருக்க வேண்டும். அயலவர் நகம் வைத்தால் அது புதுக் கீறலாகக் கணக்கெடுக்கப்படும்.

இனி, கீறல் எங்கிருந்து வருகிறது?

பிற நாடுகளில் கார் கீறல்படுவதற்குக் கடைத்தெரு வரைக்கும் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தச் செலவில்லை. சொந்தப் படலைக்கு வரமுன்னமே அலுவல் முடிந்துவிடும். எங்கள் ஒழுங்கைகள் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் அளந்து விட்டவை. பிறகு இரண்டு பக்க வேலியும் ஆண்டுக்காண்டு அரக்கி அரக்கி உள்ளே வந்தன. வேலி அரக்கிய வழக்கில் காணியைத் தோற்றவர்கள் உண்டு, வென்று கோட்டுச் செலவில் காணியைத் தோற்றவர்களும் உண்டு. மிஞ்சிய இடைவெளிக்குள் ஒரு ஜப்பான் கார் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறது.

வேலியின் வகையைக் கீறலிலேயே வாசிக்கலாம். கதியால் வேலி என்றால் பூவரசோ கிளுவையோ நீட்டிய கொப்புத்தான் காரணம். முன்கதவில் தொடங்கிப் பின்கதவில் முடியும் நீண்ட, வளைந்த, ஆழமில்லாத கோடு அது. மேலே பச்சைச் சாறும் ஒட்டியிருக்கும். பார்க்கப் பயங்கரம், கழுவினால் பாதி போய்விடும். கருக்குமட்டை வேலியின் கையெழுத்து வேறு. பனைமட்டையின் இரண்டு ஓரங்களிலும் கறுத்து இறுகிய வாட்பற்கள் உண்டல்லவா? அது உரசினால் கோடு விழாது. பக்கத்துப் பக்கத்தே குட்டி வெட்டுகள் விழும், யாரோ தையல் போட்டுவிட்டுப் போனது மாதிரி. தகர வேலி ஒரே கோடுதான் போடும், ஆனால் தகடு தெரியப் போடும். குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரமில்லை. உப்புக்காற்று அந்த இடத்தை விரைவில் கண்டுபிடித்துவிடும்.

இப்போது வேலிகள் மறைந்து மதில்கள் வருகின்றன. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் காசில் எழுந்த மதில்கள். வளவுப் பக்கம் பூசி, வெள்ளையடித்து, சில இடங்களில் மாபிள் கூடப் பதித்திருக்கும். ஒழுங்கைப் பக்கம் பூசாத சீமெந்துக் கல்லாகவே நிற்கும், அது ஊராருக்குத்தானே என்று. கதியாலாவது கொஞ்சம் வளைந்து கொடுத்தது. என்னைக் கேட்டால், கீறலின் வரலாற்றில் மிகப் பெரிய பின்னடைவு இந்தப் பூசாத பக்கந்தான்.

உயிருள்ள காரணிகளும் உண்டு. மாரி இரவில் எஞ்சின் சூட்டுக்கு பொனற்றில் வந்து படுக்கும் பூனை, விடியக் கண்ணாடியில் சறுக்கி இறங்கும்போது நாலு இணைகோடுகளை விட்டுச்செல்லும். வடிவகணித ஆசிரியர் ஒருவரும் அப்படிக் கீறமாட்டார். ஆனால் நுண்கீறல்களில் ஆகப் பெரும்பகுதியைப் போட்டவர் கார்க்காரரே. காலையில் ஒரு பழைய சாரத்தை எடுத்து, செம்பாட்டுப் புழுதி படிந்த காரைத் தண்ணி தொடாமல், அன்போடு, வட்டம் வட்டமாகத் துடைக்கிறாரே, அந்த வேளையில் நடக்கிறது அது. புழுதிக்குள் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோ அளவுகோலில் கடினம் 7. கிளியர் கோட் அதன் கிட்டவும் வராது. கழுவினால் தீருமோ என்றால் அங்கேயும் சிக்கல். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியவை. அந்தத் தண்ணி வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் பொட்டுகளை விட்டுப் போகும். பொட்டைப் போக்க மறுபடியும் சாரம் வரும்.

"9எச் செராமிக் கோட்டிங் அடிச்சால் ஒண்டும் பிடியாது" என்று விற்பவர்கள் சொல்வார்கள். 9எச் என்பது மோ அளவுகோலின் 9 அல்ல, பென்சில் அளவுகோல். மிகக் கடினமான பென்சிலால் கீறியும் கீறு விழவில்லை என்பதே பொருள். பென்சிலைக் கொண்டு காரைக் கீறுபவர் யாராவது வந்தால் அது பயன்படும்.

அடுத்து, கீறலியலின் இதயமான பகுதி: செய்தவர் யார்? மற்ற நாட்டார் கீறலைக் கண்டதும் அதை எப்படிப் போக்கலாம் என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் முதலில் ஆர் போட்டது என்று கேட்பான். விடை கிடைக்கும்வரை கீறலைத் தொடவும் மாட்டான். அது சான்றுப் பொருள். இந்த விசாரணைக்குச் சைவ நூல்கள் சொல்லும் அளவைகளே போதுமானவை: காட்சி, கருதல், உரை.

காட்சி என்பது ரோர்ச் லயிற்றோடு குந்தியிருந்து பார்ப்பது. இங்கே முதலில் தெளிய வேண்டியது, ஒட்டியதா உரிந்ததா என்பது. கதவில் நிற்கும் கறுப்புக் கோடு சைக்கிள் கைபிடியின் றப்பர் ஒட்டியதாக இருக்கலாம். அப்படியானால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தவுடன் போய்விடும், குற்றவாளியும் தப்பிவிடுவார். கருதலளவைக்குத் தருக்க நூல்காரர் காட்டும் பழைய வாய்பாடு தெரிந்ததே: மலை தீயுடைத்து, புகை உடைமையால், அடுக்களை போல. அதை இங்கே இவ்வாறு பொருத்துக. மேற்கோள்: இக்கதவு சைக்கிள் பட்டது. ஏது: இடுப்புயரத்தில் றப்பர்த் தடம் உடைமையால். எடுத்துக்காட்டு: போன தைப்பொங்கலன்று மாமாவின் கார் போல. பூனையை இந்த ஏது விலக்கிவிடும். இடுப்புயரத்தில் றப்பர் உள்ள பூனை இல்லை.

உரையளவைதான் கடினமானது. கொக்குவில் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இது நிகழும் விதம்:

"அக்கா, உந்தக் கீறல் என்னெண்டு வந்ததெண்டு கண்டனீங்களோ?"

"நான் ஏன் தம்பி உங்கட காரைப் பாக்கிறன்? எனக்கு வேற வேலையில்லையே?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

"ஆனா செவ்வாய்க்கிழமை பின்னேரம் அது இல்லை. புதன் காலமை சங்கக்கடைக்குப் போகேக்கையும் இல்லை. பத்து மணிக்குத்தான் கிடந்தது. நான் ஒண்டும் காணேல்லை."

இந்தச் சான்றுரையின் திட்பத்துக்கு ஈடான ஆவணம் எங்கள் சுவடிக்கூடங்களில் இல்லை. புதன் காலை பத்து மணிக்கு அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போனவர் எவர் என்பது இருவருக்கும் தெரியும். பெயர் மட்டும் சொல்லப்படாது. அவர் கார்க்காரரின் மனைவிக்குச் சித்தப்பா முறை.

சட்டத்தின் துணையும் கிடைக்காது. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தேசவழமையாகத் தொகுத்தார். சீதனம், முதுசம், அடகு, மாடு, மரம் என்று பலதும் அதில் உண்டு. அயல் வளவுக் கிளுவை கீறிய கோடு எவர் கணக்கில் என்பதற்கு மட்டும் அதில் விதி இல்லை. 1707இல் கார் இல்லாமை ஒரு காரணமாகலாம்.

இத்துறையின் வரலாறு தனி நூலாக வேண்டியது. இங்கே ஒரு பகுதியை மட்டும் தொடுகிறேன். காரில் வேண்டுமென்றே கறை பூசி அரசியல் செய்ததும் எங்கள் நாட்டில் நடந்திருக்கிறது. 1957இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இல் தமிழ்ப் பகுதிகளில் அதைத் தார் பூசி அழித்தார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. அந்தத் தாரை எந்தத் தேய்ப்புக் கொம்பவுண்டாலும் இன்றுவரை எடுக்க முடியவில்லை.

அந்தக் காலத்து ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்தான் இந்த ஆய்வின் திறவுகோல். ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டை இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரைதான் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் அது அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் வாடகைக்குப் போனது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அற்றுப்போனபோதும் நிற்கவில்லை. சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் குழாய் செருகி, அதற்குச் 'சூப்பி' என்று பெயரும் வைத்து, காபரேற்றருக்குள் கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். எழும்பியபின் மண்ணெண்ணெயில் ஓடும். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால் இருமிக்கொண்டாவது ஓடின. அந்த ஆண்டுகளில் காரில் கீறல் விழுந்ததா என்று கேட்பவருக்கு விசர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து போன வாகனங்களின் மேனியைப் பற்றி எந்த ஆய்வாளரும் கேட்கக்கூடாது. இந்தக் கட்டுரையும் கேட்கவில்லை.

அந்தக் கார்களின் பூச்சில் கிளியர் கோட் கிடையாது. நிறமேதான் மேற்பரப்பு. தேய்த்தால் துணியில் நிறம் வரும், வந்த இடத்துக்கு அடியிலும் அதே நிறம் இருக்கும். 1920களில் அமெரிக்காவில் விரைவாகக் காயும் செலுலோஸ் பூச்சு வந்ததிலிருந்து 1980களில் கிளியர் கோட் பரவும்வரை உலகத்துக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். எங்கள் ஒஸ்ரின்களுக்கு மேலதிகமாக, ஒவ்வொரு கலியாணச் சீசனுக்கும் ஒரு பூச்சு, ஒவ்வொரு கைமாறலுக்கும் ஒரு பூச்சு. சிலதில் தகடு எது, பெயின்ற் எது என்று பிரித்தறிவது கடினம். எவ்வளவு கீறினாலும் தேய்க்க இடம் இருந்தது. கீறியவரையும் எவரும் தேடவில்லை.

பிறகு ஏ9 வீதி திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஜப்பானிலிருந்து பளபளப்போடு ரீகண்டிஷன் கார்கள் வந்தன. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பத்து வருடம் ஓடிய கார், வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் போனது. 2022இல் அதே கார்கள் பெற்றோல் வரிசைகளில் பம்பரோடு பம்பராக இரவு பகலாய்க் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்தாலும் ஆயிரம் சைக்கிள்கள் உரசிக்கொண்டு போயின. இவற்றிலிருந்து பெறப்படும் விதி: கீறல் வேதனை காரின் விலையோடு நேர்விகிதத்திலும் பூச்சின் தடிப்போடு எதிர்விகிதத்திலும் மாறும். சோமர்செட்டில் அது பூச்சியத்துக்குக் கிட்ட. 2014ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவா ஒன்றில் நித்திரை வராத அளவு.

வைத்திய முறைகளுக்கு வருவோம். நாவலர் காலத்திலிருந்தே கண்டனம் எழுதிப் பழகிய ஊர் என்றபடியால் இங்கும் சம்பிரதாயங்கள் பல. ஒன்று மற்றதை ஏற்பதில்லை.

பற்பசைச் சம்பிரதாயத்தார் காலையில் பல் விளக்கிவிட்டு, மிச்சத்தோடு காருக்குப் போவார்கள். இது முழுப் பொய்யல்ல. பற்பசையில் கல்சியம் காபனேற்றோ சிலிக்காவோ மென்தேய்ப்பானாக உண்டு. கிளியர் கோட்டின் மிக மேலோட்டமான கீறலை அது மட்டுப்படுத்தும். நகம் தடக்கும் கீறலுக்குப் பூசினால் கார் கிராம்பு மணக்கும், அவ்வளவுதான். இவர்களில் ஒரு பிரிவினர் பழையபடி உமிக்கரிக்குப் போக வேண்டும் என்கிறார்கள். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பது உண்மைதான். அதனாலேயே அவர்களை வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டும்.

எண்ணெய்ச் சம்பிரதாயம் தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 என்று முக்கிளையாகப் பிரிந்தது. பூசியவுடன் கீறல் மறையும், பக்தர்கள் மெய்சிலிர்ப்பார்கள். பள்ளத்தில் எண்ணெய் நிரம்பியதால் ஒளி சிதறாமல் போகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்த கழுவலில் கீறல் திரும்பிவரும். தண்ணியும் ஓரளவு இதையே செய்யும் என்பதால் கார்த்திகை மழையில் எல்லாக் காரும் புதுக்காராகத் தெரியும். அனுபவசாலிகள் காரைக் கார்த்திகையில் விற்று, சித்திரை வெயிலில் வாங்குகிறார்கள்.

மூன்றாவது, கொம்பவுண்ட் சம்பிரதாயம். இதற்குக் கராஜ் வேண்டும், பொறுமையான கை வேண்டும். கோண்டாவில் பக்கம் மாமரத்தின் கீழ் வேலைசெய்யும் பெயின்ரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது நல்ல பொழுதுபோக்கு. 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை வாளித் தண்ணியில் ஊறவிட்டிருப்பார். தண்ணிக்குள் ஒரு துளி சோப். பேப்பரை றப்பர்க் கட்டையில் சுற்றி, கீறலுக்கு மேலே குறுகிய இழுப்புகளாக இழுப்பார். பால்போல வெள்ளைக் கரைசல் வழியும். அது கிளியர் கோட். இடைக்கிடை துணியால் ஒற்றி, காயவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மினுக்கம் செத்துச் சாம்பல் பூத்த பரப்புக்கு நடுவில் கீறல் மட்டும் மினுங்கிக்கொண்டு கிடந்தால் இன்னும் ஆழம் இருக்கிறது என்று பொருள். கரைசலில் நிறம் வந்தால் கை உடனே நிற்கும். அதற்கு மேல் தேய்ப்பவர் பெயின்ரர் அல்லர், எதிரி. கதவின் மடிப்பு விளிம்புகளை அவர் கட்டையால் தொடுவதேயில்லை. அங்கே பூச்சு மெல்லியது, இரண்டு இழுப்பில் அடி தெரியும். பிறகு கொம்பவுண்ட், பிறகு பொலிஷ், கடைசியில் வக்ஸ்.

கூர்ந்து பார்த்தால் அவர் கீறலை எடுக்கவேயில்லை. இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது? கீறலைச் சுற்றியிருந்த நல்ல பூச்சையெல்லாம் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டார். ஒரு காரில் இதை எத்தனை தரம் செய்யலாம் என்பது அந்த 40 மைக்ரோன் விட்ட வழி.

நகம் தடக்கிய கீறலுக்கு இது எதுவும் உதவாது. நிறம் வைக்க வேண்டும். ரொயோட்டாவாக இருந்தால் தகட்டில் நிறக்குறி அடித்திருக்கும். 040 என்றால் வெள்ளை, 1எஃப்7 என்றால் சில்வர். வெள்ளைக்காரர் தப்பிவிடுவார். சில்வருக்குள் அலுமினியச் செதில்கள் உண்டு. கம்பனியில் விசிறியடித்தபோது அவை ஒரு சீராகப் படுத்தவை. தூரிகையால் தொட்டுவைத்தால் கண்டபடி கிடக்கும். கீறல் போய், அந்த இடத்தில் ஒரு சாம்பல் தழும்பு நிரந்தரமாகக் குடிவரும். சிலர் அதற்குமேல் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுகிறார்கள். யாழ்ப்பாணக் கார்களில் சற்றும் பொருந்தாத இடங்களில் முருகனின் வேல் ஒட்டப்பட்டிருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எஞ்சுவது சந்தை. கார் பார்க்க வரும் தரகர் கதவைத் திறக்கமாட்டார். முன்லயிற்றுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கண்ணை மூடி, பக்கவாட்டில் ஒளி போகும் வழியை நூல் பிடித்துப் பார்ப்பார். பையிலிருந்து தடிப்புமானியை எடுத்துக் கதவில் வைப்பார். 300 என்று காட்டினால் எழுந்து சாரத்தைத் தட்டிக்கொள்வார். பத்து வருடம் எங்கள் ஒழுங்கைகளில் ஓடியும் கீறலே இல்லாத கார் என்றால் அவருக்கு ஒரே பொருள்தான்: அடிபட்டு முழுப் பெயின்ற் அடித்திருக்கிறது. விலையில் இரண்டு இலட்சம் குறைப்பார். ஆகவே கொம்பவுண்ட் போடப் போகிறவர்கள் பின்கதவின் அடியில், சைக்கிள் பெடல் உயரத்தில், ஒரு சின்னக் கீறலையாவது தொடாமல் விடும்படி பெயின்ரரிடம் சொல்லிவைக்கவும். அப்படி ஒன்றுகூடக் கைவசம் இல்லாதவர்கள் சித்தப்பாவைப் புதன்கிழமை பத்து மணிக்குச் சைக்கிளோடு வரச் சொல்லலாம்.